தாய்வீடு இல்லாத பேறுகாலம்

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுதுவோர், 1819இல் ராபிள்சுடன் வந்த நாராயண பிள்ளையிலிருந்து தொடங்குவர். துறைமுகத்தில் சுமை தூக்கியவரும் வணிகம் நடத்தியவரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவர். கணவனைத் தொடர்ந்து கடல் கடந்து வந்து, இங்கே பிள்ளை பெற்ற பெண்ணின் மனநிலையோ அதில் அரிதாகவே பேசப்படுகின்றது.

தலைப்பேறு தாய்வீட்டில் என்பது தமிழர் வழக்கம். காயமருந்து அரைத்துக் கொடுப்பதும், பத்தியச் சோறு ஆக்குவதும், குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவதும் தாயின் பணிகள். இவை உடலைப் பேணுவன என்றே நாம் எண்ணுகின்றோம். பிள்ளை பெற்றவளைத் தனிமையில் விடாமற் காப்பதே இவற்றின் உட்பயன். நாகப்பட்டினத்திலிருந்து பல நாள் கப்பலில் வரவேண்டியிருந்த காலத்தில், பலருக்கு இவ்வழக்கம் அறுபட்டுப் போயிற்று.

உடலளவில் அக்குறையைத் தீர்த்தது தேக்காவை அடுத்திருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. எருமைக் கொட்டில் என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். 1924இல் அது இலவச மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. அந்நெருக்கத்தில் தாயின் மனத்தை வினவ யாருக்கு நேரம் இருந்திருக்கும்?

மனநோய்க்கு வேறிடம் இருந்தது. 1841இல் அதற்கென முதல் மருத்துவமனை அமைந்தது. 1928இல் இயோ சூ காங்கிற்கு இடம்பெயர்ந்தது. 1951இல் உட்பிரிட்ஜ் எனப் பெயர் பெற்றது. மக்கள் நாவில் அப்பெயரே ஏளனச் சொல்லாயிற்று. மகப்பேறும் மனநலமும் இவ்வாறு தனித்தனியே நின்றன. கண்டாங் கெர்பாவில் பேற்றுக்குப்பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் திட்டம் 2008இல்தான் தொடங்கிற்று.

திட்டம் வந்தும் மொழித்தடை ஒன்றுண்டு. நம் பெண்கள் மனத்துயரை உடலின் சொற்களாலேயே கூறுவர். “நெஞ்சு அடைக்கிறது”, “உடம்பெல்லாம் எரிகிறது” என்பவற்றை வெறும் உடல்நோயாகக் கொண்டால் உண்மை நோய் தப்பிவிடும். 1987 முதல் பள்ளிகள் யாவும் ஆங்கிலத்தை முதன்மொழியாகக் கொண்டன. அதனால் ஆங்கிலம் அறியாத தாய், மருத்துவரிடம் பேசவும் தன் பிள்ளையையே நாட நேரிடுகின்றது. பிள்ளையின் முன் சொல்லக்கூடாத துயரை அவள் எவ்வாறு சொல்வாள்?

இன்று சென்னையிலிருந்து விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் வந்துவிடுகின்றது. ஆயினும் தாய்வீடு உடன் வருவதில்லை. பேற்றுக்குப்பின் சில நாள் கண்ணீர் வருவது இயல்பு. இரு வாரங்களுக்கு மேலும் சோர்வு நீடித்தால் அது தீர்க்கக்கூடிய நோய், அவள் குற்றமன்று. பள்ளி வாயிலில் அத்தாயைக் காணும் தமிழாசிரியருக்கு அவள் மொழி தெரியும். “நலமா?” என்று கேட்டு, விடையை நின்று கேட்பதும் தமிழ்ப்பணியே.