காற்று நெல் புகட்டும் பாடம்

நாற்று நட்ட காலத்தில், வயலில் தேங்கிய நீரே களையை அடக்கிற்று. ஆட்பற்றாக்குறையால் 1980களில் மலேசிய வயல்களில் நேரடி விதைப்புப் பரவியது. 1988இல் சிலாங்கூர் வயல்களில் களைநெல் கண்டறியப்பட்டது. அறுவடைக்கு முன்பே மணி உதிர்க்கும் இதனை மலாய் உழவர் ‘பாடி ஆஙின்’, அதாவது காற்று நெல், என்பர்.

களையும் நெல்லினமே, பயிரை விட்டுக் களையை மட்டும் கொல்வது எங்ஙனம்? 2010இல் இமிடாசோலினோன் களைக்கொல்லியைத் தாங்கும் நெல் வந்தது. சில ஆண்டுகளிலேயே அம்மருந்துக்கு மடியாத காற்று நெல்லும் தோன்றிற்று.

காரணம் யாது? காற்று நெல்லின் மரபு ஒன்றன்று. பயிர்நெல், காட்டுநெல் இரண்டின் வழியும் அதில் உண்டு. தாங்கும் பயிரோடு கலந்து அக்குணத்தையும் அது பெறும். மருந்து எளியதைக் கொன்று, வலியதற்கு இடம் விடுகிறது. எனவே தூய விதை, நீர் நிறுத்தல், மருந்து மாற்றல் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி வயல் பிழைக்காது.