பீதர் மத்ரஸாவின் நீல ஓடுகள்



காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடு, 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னர் முதலாம் பரமேசுவரவர்மனின் கொடைக்கு இன்றும் சான்றாக நிற்கிறது. உண்மையான ஆவணம் அறத்தைக் காக்கும். பொய்யான ஆவணம் என்ன செய்யும்? அதற்குச் சாட்சி கர்நாடகத்தின் பீதர் நகரில் இருக்கிறது.

அங்குள்ள பாழடைந்த மத்ரஸாவின் முகப்பிலும் எஞ்சிய ஒற்றை மினாராவிலும் நீலமும் வெள்ளையும் ஒளிரும் பூச்சு ஓடுகளின் துண்டுகள் இன்றும் காணப்படுகின்றன. ஈரானியக் கலைமரபைச் சேர்ந்த அவற்றைப் பதிக்கச் செய்தவர் க்வாஜா மஹ்மூத் கவான். ஈரானின் கீலானில் பிறந்து, வணிகராக 1453 வாக்கில் பீதர் வந்த அவர், பாமினி அரசின் தலைமை அமைச்சராக உயர்ந்தார். ஹிஜ்ரி 877இல் (கி.பி. 1472) மூன்றடுக்கு மத்ரஸாவை எழுப்பினார். மாணவர் அறைகள், பள்ளிவாசல், நூலகம் அனைத்தும் அதில் அமைந்தன. கடிதக் கலை பற்றி 'மனாஸிருல் இன்ஷா' என்னும் நூலையும் இயற்றினார்.

அவருடைய உயிரைப் பறித்ததும் ஒரு கடிதமே! நான்கு மாகாணங்களை எட்டாகப் பிரித்து ஆளுநர்களின் அதிகாரத்தை அவர் குறைத்ததால், பாதிக்கப்பட்டோர் பகை கொண்டனர். முத்திரை காப்பவனை மதுவில் ஆழ்த்தி, வெற்றுத்தாளில் கவானின் முத்திரையைப் பெற்று, ஒரிஸ்ஸா மன்னரைப் படையெடுக்க அழைப்பதுபோல் அதில் எழுதினர் என்று வரலாற்றாசிரியர் ஃபிரிஷ்தா கூறுகிறார்.

1481 மார்ச்சில் சுல்தான் மூன்றாம் முஹம்மது ஷா நம் காஞ்சியின் மீது பாய்ந்து, கோயில் செல்வங்களைக் கொள்ளையிட்டுத் திரும்பினார். சில வாரங்களில், படைமுகாமில் அக்கடிதம் அவர்முன் வைக்கப்பட்டது. முத்திரை தமதே, கடிதம் தமதன்று எனக் கவான் கூறியதை மதுமயக்கத்திலிருந்த சுல்தான் விசாரிக்கவில்லை. ஏப்ரல் 5 அன்று அவர் கொல்லப்பட்டார். பின்னர் அவருடைய பொருளைச் சோதித்தபோது, தம் சிறு முதலில் வணிகம் செய்து உண்டு, எஞ்சியதை ஏழைகளுக்கு ஈந்தவர் என்பது தெரிந்தது. சுல்தான் வருந்தினார், ஓராண்டுக்குள் அவரும் மடிந்தார். அரசு பின்னர் ஐந்தாக உடைந்தது.

மத்ரஸாவும் தப்பவில்லை. 1696இல், உள்ளே சேமித்திருந்த வெடிமருந்தில் மின்னல் விழுந்து முகப்பின் பெரும்பகுதி சிதைந்தது. எஞ்சியவை இந்த ஓடுகளே.

தீயவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்பது இறைமறையின் கட்டளை (49:6). கையொப்பம் உண்மையாயினும் செய்தி பொய்யாகலாம். கைபேசியில் வருவதை விசாரியாமல் பிறருக்கு அனுப்பும் நாம், அந்தச் சுல்தானின் இடத்தில் அமர்ந்திருக்கிறோம் அல்லவா?

வல்ல அல்லாஹ் நம் நாவையும் கரத்தையும் காத்தருள்வானாக! ஆமீன்.