வெளிவாரித் தேர்விலிருந்து நிகழ்நிலை வகுப்பு வரை: தொலைக்கல்வியின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

நிகழ்நிலைக் கல்வியின் நன்மை தீமைகளை ஆராய முற்படுவோருட் பலர், அதனை 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோயோடு தோன்றிய புதுமையாகவே கருதுகின்றனர். ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்திற் கூடாமலே கற்கும் முறைக்கு இலங்கையில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறுண்டு. அதனைப் பின்புலமாகக் கொண்டு நோக்குமிடத்து, கற்பித்தற் சாதனங்கள் எவர் கையில் இருந்தன, அவற்றின் செலவை எவர் சுமந்தனர் என்னும் வினாக்களே முதன்மை பெறுகின்றன.

1858 ஆம் ஆண்டின் பட்டயம், இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளை எங்குக் கற்றோரும், தாமே பயின்றோரும் எழுத வழிதிறந்தது. பெண்கள் அப்பட்டங்களைப் பெறுவதற்கு 1878 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கப்பலும் அஞ்சலும் இம்முறையைக் குடியேற்ற நாடுகளுக்குக் கொண்டு சென்றன. 1921 இற் கொழும்பில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரிகூட, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, இலண்டன் பட்டங்களுக்கே மாணவரைப் பயிற்றியது. விரிவுரை கொழும்பில் நிகழ்ந்தது. தீர்ப்பு இலண்டனில் வழங்கப்பட்டது.

விபுலாநந்த அடிகளின் கல்வி வாழ்வு இம்முறையின் ஆற்றலுக்குத் தக்க சான்றாகும். கிழக்கிலங்கையின் காரைதீவிற் பிறந்த அவர், 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விற் சித்தியெய்தினார்; ஆசிரியத் தொழிலில் இருந்தவாறே இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் அவரே. ஆயினும் அக்காலத்தில் இலண்டன் தேர்வுக்குரிய ஆங்கில அறிவு கட்டணப் பாடசாலைகளினூடாகவே பெரிதும் கிடைத்தது. தாய்மொழிப் பாடசாலையோடு படிப்பை நிறுத்திய உழவரின் பிள்ளைக்கு அக்கதவு திறந்திருந்தும் பயனில்லை.

சுயமொழிக் கல்வி பல்கலைக்கழகம்வரை சென்றடைந்த 1960களில் நிலைமை மாறியது. கிராமப்புற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் வெளிவாரிப் பரீட்சார்த்திகளாயினர். ஆனால் பல்கலைக்கழகம் அவர்களைப் பதிவுசெய்தது, பரீட்சித்தது; கற்பிக்கும் பொறுப்பைத் தனியார் போதனை நிலையங்களுக்கு விட்டது. தேர்வு அரசினது, போதனை சந்தையினது என்னும் இப்பிளவே இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1971 இற் கற்பித்தலைத் தொடங்கியபோது, ஒலிபரப்போடு அச்சுப் பாடங்களையும் வழிகாட்டும் ஆசிரியர்களையும் இணைத்து இப்பிளவைக் குறைக்க முயன்றது. 1980 இல் உருவான இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் அவ்வழியிற் சென்றது. தொழில்புரிவோருக்கும் இல்லறப் பொறுப்புடைய பெண்களுக்கும் அது ஆற்றிய பணி பெரிது. எனினும் அது கட்டணம் அறவிடும் அரச பல்கலைக்கழகம் என்பதை மறந்துவிடலாகாது.

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது நிகழ்ந்த மாற்றம் இவற்றினும் ஆழமானது. கன்னங்கராவின் பெயரோடு இணைந்த 1945 ஆம் ஆண்டின் இலவசக் கல்வி, கட்டண நீக்கத்தோடு நின்றுவிடவில்லை. 1980 இற் பாடநூலும், 1993 இற் சீருடையும் இலவசமாயின. கட்டடமும் கரும்பலகையும் ஏலவே அரசினுடையவை. நிகழ்நிலை வகுப்பிலோ கைத்தொலைபேசி, மின்சாரம், இணைய இணைப்பு, படிப்பதற்கு ஒரு மூலை ஆகிய யாவும் குடும்பத்தின் பொறுப்பாயின. எவ்விதச் சட்டத்திருத்தமுமின்றிக் கல்விச் சாதனங்கள் பொதுவுடைமையிலிருந்து தனியுடைமைக்கு மாறிவிட்டன! ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பத்திடமே கணினி இருந்த நாடு இது. பதுளை மாவட்டத்தின் பொகிட்டியாவ என்னும் சிற்றூரில், 2021 இல், அலைத்தொடர்பு தேடி மாணவரும் ஆசிரியரும் காட்டுவழியே குன்றேறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. பெருந்தோட்டத்து லயன் அறையில் ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர நேரும்போது, முறை யாருக்கு என்பதும் ஒரு கல்விக் கொள்கைப் பிரச்சினையே.

பல்கலைக்கழகங்களின் நிலை ஒப்பீட்டளவில் மேலானது. பொது வலையமைப்பொன்று ஏற்கெனவே இருந்தமையால், கட்டணமற்ற இணைய அனுமதியோடு வகுப்புகள் நடைபெற்றன. பதிவுசெய்யப்பட்ட விரிவுரையை மாணவர் மீண்டும் கேட்கலாம். இது சிறு நன்மையன்று. ஆனால் அப்பதிவு எவருடைய உழைப்பு, நாளை எவருடைய சொத்து என்பதை விரிவுரையாளர் சங்கங்களேனும் சிந்தித்தல் வேண்டும்.

இழப்பைக் கூற நன்னூலாரே போதும். ஆசிரியர் உரைத்ததைச் செம்மையாகக் கொண்டாலும் மாணவனுக்குக் காற்கூறே புலமை கிட்டும். மற்றொரு காற்கூறு உடன் பயில்வோரோடு பழகுவதாலும், எஞ்சிய பாதி பிறருக்கு உரைப்பதாலும் நிறையும் என்பது பொதுப்பாயிரத்தின் கருத்து. ஒலிவாங்கியை மூடி, முகத்தை மறைத்து அமர்ந்திருக்கும் வகுப்பில் அந்த முக்கால் எங்ஙனம் நிறையும்? கற்றலைக் கூட்டுச் செயலாகக் கண்ட பண்டைய இலக்கணகாரர், அதனைத் தனிநபர் நுகர்வாகக் காணும் இன்றைய நிபுணர் சிலரினும் முற்போக்கானவர் எனத் தோன்றுகிறது.

2021 யூலையில் ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டை எதிர்த்து நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகினர். அப்போராட்டம் ஒக்ரோபர்வரை நீடித்தது. அதுவரை அரசு தன் பாடசாலைகளை அவர்களது சொந்தத் தொலைபேசிகளைக் கொண்டே நடத்திவந்தது. அவை ஓய்ந்தபோது அரச வகுப்புகளும் ஓய்ந்தன. கட்டணம் செலுத்த முடிந்தோரின் பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்புகள் அதே திரையிலே தொடர்ந்து நடந்தன.