நிகோபாரில் தாய்மொழிக் கல்வி: கொள்கையும் வகுப்பறையும்

தாய்மொழிவழித் தொடக்கக் கல்வி பற்றிப் பேசும் இந்திய ஆவணங்களுள் மூன்று இங்குக் கருதத்தக்கன. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு அதற்குரிய வசதிகளைச் செய்துதர அரசுகள் முயல வேண்டும் என்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், நடைமுறைக்கு இயன்ற அளவில் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, இயலும் இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை என்கிறது. சொற்கள் மாறினும் மூன்றிலும் வாக்குறுதியோடு ஒரு தளர்வும் ஒட்டி நிற்கிறது. எனவே, ஒரு மொழியில் கற்பித்தலை 'இயலும்' ஆக்குவது எது என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

இவ்வினாவுக்குக் கார் நிகோபார்த் தீவின் வரலாறு விடை தருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், தமிழரான வேதப்பன் சாலமன் அத்தீவின் முஸ் என்னும் ஊரில் மறைப்பணிப் பள்ளி நடத்தினார். அவர்தம் மாணவருள் ஒருவரே ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் பயின்று, ஆசிரியராகத் தம் தீவுக்கே திரும்பிய இவர், புதிய ஏற்பாட்டைக் கார் மொழியில் பெயர்த்தார்; பின்னர்ப் பேராயராகவும், 1952இல் அமைந்த முதல் மக்களவையின் நியமன உறுப்பினராகவும் விளங்கினார். வொயிட்ஹெட் தொகுத்த கார் நிகோபாரி அகராதி 1925இல் இரங்கூனில் வெளியாயிற்று. இப்பணிகளின் நோக்கம் சமயம் சார்ந்ததே. ஆயினும், உரோமன் எழுத்தில் எழுதப்படும் ஒரு மொழி, அகராதி, பெயர்ப்பு நூல், அம்மொழி பேசும் ஆசிரியர் ஆகியவை 350அ உறுப்பு தோன்றுமுன்பே அங்கு உருவாகத் தொடங்கிவிட்டன.

எனினும், இப்பேறு எல்லாத் தீவுகளுக்கும் வாய்க்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 'நிகோபாரி' என ஒரே பெயரில் தொகுப்பது, ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சார்ந்த பல மொழிகளையாகும். சௌரா, தெரெசா, நன்கவுரி ஆகிய தீவுகளின் பேச்சு கார் மொழியினின்று வேறானது. கார் மொழியில் ஒரு பாடநூல் எழுதிவிட்டால், ஆவணத்தில் 'நிகோபாரி' நிறைவுற்றதாகும். சௌராவின் குழந்தைக்கோ அதுவும் அயல்மொழியே. அந்தமானில் குடியேறிய தமிழர், வங்காளியர், தெலுங்கர் ஆகியோரின் மொழிகளுக்குப் பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் கடல்கடந்த பெருநிலத்தில் உள்ளன. நிகோபார் மொழிகளுக்கு அத்தகைய தாயகம் வேறெங்கும் இல்லை. வேண்டியவற்றை அத்தீவுகளிலேயே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே, கொள்கையை வகுப்பறைக்குக் கொண்டுசேர்ப்பது ஆணை மட்டுமன்று. எந்தத் தீவில் எம்மொழி என வரையறுத்தல், சொல் தொகுத்தல், அவ்வூராரையே ஆசிரியராக்கல், அவரைக் கொண்டே பாடநூலைப் பெயர்த்தல் என்னும் முறையில் பணி நடைபெற வேண்டும். இவற்றுள் முதலிரண்டு மொழியியலாருடையவை, இறுதியது மொழிபெயர்ப்பாளருடையது. இவை நிகழாதவரை, 'இயலும் இடங்களில்' என்னும் தொடர் இயலாமைக்கு ஒரு மறுபெயராகவே நிற்கும் எனலாம்.