தோட்டத்துத் தபாலட்டையும் நேயர் விருப்பமும்

ஒரு பாட்டைக் கேட்க ஆசைப்படுகிறவன், வானொலி அதைத் தானாக ஒலிபரப்பும் வரை பொறுத்திருக்கலாம். புகழ்பெற்ற திரைப்பாடலாயின் இன்றில்லாவிட்டால் நாளை வந்தே தீரும். அவ்வாறிருக்க, தபாலட்டை ஒன்றை வாங்கி, படத்தின் பெயரையும் பாடியவர் பெயரையும் எழுதி, அதன்கீழ்த் தன் பெயர், வீட்டார் பெயர், அயல்வீட்டார் பெயர் என்று இடம் உள்ளமட்டும் நிரப்பி, கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பானேன்? இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில் இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்கு இருந்த மதிப்பை எண்ணிப் பார்ப்போர்க்கு முதலில் எழும் வினா இதுவே. இதற்கு விடையை இசையில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

இவ்விரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்பிரகமுவ மாகாணம். 1889ஆம் ஆண்டில் தனி மாகாணமாக்கப்பட்டது. நுவரெலியாவைப் போன்று மலைக்குமேல் மலையாகத் தேயிலையே பரந்து கிடக்கும் நாடு அன்று இது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெகியோவிற்ற, ருவான்வெல்லை, காவத்தை, பெல்மதுளை, இறக்குவானை, பலாங்கொடை என எங்கு சென்றாலும் இறப்பர் மரமும் தாழ்நிலத் தேயிலையும் நெல்வயலும் கலந்தே தோன்றும். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே சிங்களக் கிராமங்கள் இருக்கும். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி வாழ்ந்தன. எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் இருக்கும் அண்ணனுக்கும் இறக்குவானைப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கும் இடையே ஒரு நாட் பயணம். களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டியது. பின்னர் ஓப்பநாயக்க வரை நீண்டது. ஆயினும் ஒரு நாட் கூலியை இழந்து ரயிலேறுவது எல்லோர்க்கும் இயலும் காரியமா?

வானொலி வருமுன் தோட்டத்துக்கு இசை இல்லாமற் போகவில்லை. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கதையும் தப்போசையோடு விடிய விடிய நடந்தன. வாங்கிக் கேட்கும் இசை மட்டும் கிராமபோனோடு வந்தது. அதுவும் வசதி படைத்த சிலர் வீட்டில்தான். நாய் படம் போட்ட இசைத்தட்டு என்றால் குழந்தைக்கும் தெரியும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் தியாகராஜ பாகவதரும் தோட்டத்துத் திண்ணைக்கு வந்தது இவ்வாறே. என்ன தட்டைப் போடுவது என்பதைப் பெட்டிக்கு உடையவர் தீர்மானிப்பார். சுற்றி நிற்பவர்கள் கேட்டுக்கொண்டு போவார்கள். 'எனக்கு இது வேண்டும்' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு அங்கே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையின் ஒலிபரப்பே கிராமபோன் இசையில் தொடங்கியது என்பது ஒரு சுவையான செய்தி. 1920களின் தொடக்கத்தில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் துறைப் பொறியியலாளர், முதல் உலகப்போரிற் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு ஒலிபரப்பி ஒன்றை அமைத்து, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்துச் சிற்றறையிலிருந்து இசைத்தட்டுக்களை ஒலிபரப்பினார். 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையான சேவை தொடங்கிற்று. 1949இல் அது ரேடியோ சிலோன் எனப் பெயர் பெற்றது. 1950 செப்டம்பர் 30ஆம் நாள் வர்த்தக சேவை பிறந்தது. விளம்பரத்தால் வாழ வேண்டிய சேவை ஆதலின், கேட்போர் எவர், எங்கே இருக்கிறார், எதை விரும்புகிறார் என்று அறிய வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. நேயரின் தபாலட்டையே அக்காலத்துக் கணக்கெடுப்பு.

அக்கரையில் நடந்த ஒரு பிணக்கு இந்தச் சேவைக்குப் பெருந்துணை செய்தது. 1952இல் இந்தியாவில் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரையிசை தரங் குறைந்தது என்னும் கருத்துடையவர். படத்தின் பெயரைச் சொல்லுவது விளம்பரமாகும், ஆகவே பாடியவர் பெயரை மட்டும் சொல்லுவோம் என்று அகில இந்திய வானொலி முடிவு செய்தது. படத்தயாரிப்பாளர்கள் சினந்து உரிமத்தை மீட்டுக்கொண்டனர். திரைப்பாடல் அவ்வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கும் வரை, இந்திய நேயர்கள் திரைப்பாடலுக்காகக் கொழும்பையே நாடினர். வடக்கே அமீன் சயானியின் பினாக்கா கீத்மாலா பெற்ற புகழ் யாவரும் அறிந்தது. தமிழில் எஸ். பி. மயில்வாகனன் முதலானோர் குரல்கள் தென்னாடெங்கும் வீட்டுக் குரல்களாயின.

கொழும்பு நிலையம் செய்த ஒன்றைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். அங்கே படத்தின் பெயரும் சொல்லப்பட்டது. பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் பெயர்களும் சொல்லப்பட்டன. ஒவ்வொரு பாட்டுக்கும் முன் இவற்றைக் கேட்டுக் கேட்டு, பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத பால்வெட்டும் தொழிலாளிகூட, இது கண்ணதாசன் எழுத்து, இது மருதகாசி எழுத்து, இது விசுவநாதன் ராமமூர்த்தி இசை என்று பிரித்தறியலானார். இசையறிவு என்பது சபாக்களில் மட்டும் வளர்வது என்று எண்ணுவோர் இதைச் சற்றுக் கவனிக்கலாம்.

ஆனால் 1950களின் தொடக்கத்தில் வால்வு வானொலிப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். இல்லையேல் கனத்த பற்றரி வேண்டும். லயத்து அறைக்கு மின்சாரம் ஏது? தோட்டத்துக் கடையிலோ, கணக்கப்பிள்ளை வீட்டு வாசலிலோ நின்றுதான் பலர் கேட்டனர். டிரான்சிஸ்டர் வந்த பின்னரே நிலைமை மாறிற்று. உலர்ந்த பற்றரியில் இயங்கும் சிறு பெட்டி 1954இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டில் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்து, 1960களில் லயத்து இறவாணத்தில் தொங்கத் தொடங்கியது. இறப்பர்த் தோட்டத்தின் வேலைமுறையும் இதற்கு இசைவாக இருந்தது. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறையும். ஆதலால் விடிந்ததும் வெட்டி, நண்பகலுக்குள் பாலைச் சேர்த்துக் கொடுத்துவிடுவர். மாலை வரை கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்தாருக்குக் கிட்டாத பிற்பகல் ஓய்வு இவர்களுக்குக் கிட்டியது. மழை பெய்தாலோ பால்வெட்டு இல்லை. கூலி போயிற்றே என்ற கவலையோடு பாட்டுக் கேட்ட நாட்கள் சப்பிரகமுவவின் மழையில் மிகப் பல.

இனி அந்தத் தபாலட்டைக்கு வருவோம். அதைத் தனியொருவன் எழுதுவது அரிது. எழுதத் தெரிந்த பையன் ஒருவன் நடுவில் உட்கார, சுற்றிலும் பத்துப்பேர் நின்று, எந்தப் பாட்டைக் கேட்பது என்று வாதிடுவார்கள். எம்.ஜி.ஆர். படப் பாட்டா, சிவாஜி படப் பாட்டா என்பது முதல் வழக்கு. சௌந்தரராஜன் தனித்துப் பாடியதா, சுசீலாவோடு சேர்ந்து பாடியதா என்பது அடுத்தது. 'அந்தப் படம் அவிசாவளைக்கு வந்தபோது பார்த்தேன், அதில் இன்னொரு பாட்டு இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை, அதை எழுது' என்று ஒருவர் புதிதாக ஒன்றைக் கொண்டுவருவார். படக்கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகம் சான்றாக நீட்டப்படும். ஒருவர் சுவை மற்றவருக்குத் தொற்றியது இவ்வாறே. இசைத்தட்டு ஒன்றையேனும் சொந்தமாக வாங்க வகையில்லாதவர்கள், தங்களுக்கு வேண்டிய தட்டுக்களின் பட்டியலை மனத்திலே வைத்திருந்தார்கள். அட்டை நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே பெரியதோர் இசைத்தட்டு நூலகம் இருந்தது. சில நிமிட நேரத்துக்கு அது தோட்டத்தானின் நூலகமாயிற்று.

பாட்டைத் தேர்வதிலும் செய்தி இருந்தது. 1961இல் வெளிவந்த 'பாசமலர்' அண்ணன் தங்கை கதை. தொலைவிலுள்ள தங்கையின் பெயரையும் சேர்த்து அப்படத்துப் பாட்டைக் கேட்கும் அண்ணன் எதைச் சொல்ல வருகிறான் என்பதை விளக்கவும் வேண்டுமோ?

1970க்குப் பின் பட்டியலிற் புதுச்சரக்கு ஏறியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இந்தியப் பொருள்களின் இறக்குமதிக்கு அரசு கடுங் கட்டுப்பாடு விதித்தது. இதழ்களும் அதில் அகப்பட்டன. உள்நாட்டுப் பாட்டுக்கு அப்போது இடம் உண்டாயிற்று. வானொலிக் கலையகத்திலேயே ஆர். முத்துசாமி, எம். ரொக்சாமி போன்றோர் இசையமைத்த மெல்லிசைப் பாடல்கள் ஒலித்தன. மறுபுறம், கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பைலாத் தாளத்தில் தாமே எழுதித் தாமே பாடிய இளைஞர்கள் வந்தனர். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியவை இவ்வகையின. பொப்பிசை, துள்ளிசை என்று இதற்குப் பெயரிட்டனர். சென்னைப் படநிறுவனம் எதன் துணையும் இன்றிப் பிறந்த பாட்டுக்கள் இவை. மொழித் தூய்மை பேசுவோர் முகஞ் சுளித்தனர். ஆயினும் 'சுராங்கனி'யைச் சென்னைப் படவுலகம் பின்னர்த் தானே எடுத்துக்கொண்டது. 1977இல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அது ஒலித்தது.

அதே காலத்தில் இங்கிலாந்திலும் இதை ஒத்த காரியம் நடந்தது. பெரு நிறுவனங்களை நாடாமல், 1977 சனவரியில் மான்செஸ்டர் நகரத்து பஸ்காக்ஸ் என்ற ராக் இசைக்குழு, கடன் வாங்கிய பணத்தில் முதலில் ஆயிரம் தட்டுக்களைத் தாமே அச்சிட்டு வெளியிட்டது. இத்தகைய தனிவழி ராக் இசைக்கு பி.பி.சி.யில் இடமளித்தவர் ஜான் பீல். 1976 முதல் தமக்குப் பிடித்த மூன்று பாட்டுக்களை எழுதி அனுப்புமாறு அவர் நேயரைக் கேட்க, அவை எண்ணப்பட்டு ஐம்பது பாட்டுக்களின் பட்டியலாயின. அங்கும் ஊடகம் தபாலட்டைதான். ஆனால் ஒரு வேறுபாடு. அங்கே பட்டியலில் ஏறியது பாட்டின் பெயர். நம் தோட்டத்து அட்டையிலோ பாட்டின் பெயருக்கு ஒரு வரி. மனிதர் பெயருக்கு மிச்ச இடமெல்லாம்.

ஏன் அப்படி? அம்மனிதர்களின் பெயர் வேறெங்கே இருந்தது என்று பார்த்தால் புரியும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலேயே வாக்குரிமையும் போயிற்று. வாக்காளர் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. கடிதமும் தோட்ட அலுவலகத்தின் தபால்பை வழியாகவே வர வேண்டும். வீட்டுக்கென ஒரு முகவரி இல்லை. பதிவு இருந்ததெல்லாம் துரையின் பிரட்டுப் புத்தகத்தில். அது வேலைக்கு வந்தானா, வரவில்லையா என்பதற்கான பதிவு. இந்நிலையில், நாட்டின் அரசு நிலையமே அவன் பெயரையும் அவன் மனைவி மக்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரோடு சேர்த்து, மரியாதை குன்றாமல், நாடு முழுவதும் கேட்க வாசித்தது. சட்டத்தின் கண்ணுக்கு அவன் இல்லை. ஒலிவாங்கிக்கு அவன் நேயர். பாட்டு முடிந்த பின்னரும் லயத்தில் பேச்சு ஓயாதிருந்ததற்குக் காரணம் இது என்றே நான் கொள்கிறேன்.

1964 அக்டோபரில் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. நாடற்றவராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்பது ஏற்பாடு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒரே குடும்பத்தில் பெற்றோருக்கு ஒரு கடவுச்சீட்டும் மணமான மகளுக்கு வேறொன்றும் என்றாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களிற் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் மூண்ட வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் பல தாக்குண்டன. காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் லயங்கள் எரிந்தன. ஒரு பகுதியினர் வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்தனர். ஓப்பநாயக்க ரயிலும் அதற்கு முன்பே, 1976இல், அவிசாவளைக்கு அப்பால் நிறுத்தப்பட்டுவிட்டது. தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

கப்பல் நின்ற பின்னும் அலைவரிசை நிற்கவில்லை. தென்னிந்திய நேயர்களுக்கான ஒலிபரப்பில் தமிழ்நாட்டு முகவரிகள் வாசிக்கப்பட்டன. அவற்றுள் நீலகிரித் தோட்டங்களின் பெயர்களும் இருந்தன. அங்கே வானொலியைத் திருகிக் கொழும்பைப் பிடித்தவர்களுக்கு, பெயர் வாசிக்கும் நேரம் பாட்டு நேரத்தைவிட முக்கியம். எட்டியாந்தோட்டை என்ற சொல் காதில் விழுந்தால், அடுத்து வரும் பெயர்கள் முடியும் வரை வீட்டில் எவரும் பேசமாட்டார்கள்.