கல்வெட்டிலிருந்து வழங்கி வரை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிச் செல்வோர், கோவளத்தைக் கடந்ததும் வரும் திருவிடந்தையைப் பெரும்பாலும் ஒரு திருமணப் பரிகாரத் தலமாகவே அறிவர். மாலையும் கையுமாக நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலை வலம்வரும் கூட்டத்தில், அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகளின் முன் ஒரு நிமிடம் நிற்பவர் அரியர். திருமங்கையாழ்வார் பாடிய இத்தலத்தின் பழம்பெயர் திருவிடவெந்தை. இடப்பக்கம் திருமகளைத் தாங்கிய எந்தை உறையும் ஊர் என்று அதற்குப் பொருள் கூறுவர். மக்கள் நாவில் அது திருவிடந்தையாகத் தேய்ந்தது. ஊரின் பெயர் மட்டுமன்று, ஊர் அடங்கிய மாவட்டத்தின் பெயரும் நிலையாக இருக்கவில்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டம் 1997-இல் பிரிக்கப்பட்டபோது இவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கிற்று. 2019 நவம்பரில் மீண்டும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

பெயர் மாற்றங்களைச் சொல்லாராய்ச்சியாளரின் பொழுதுபோக்கு என்றே நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் உறவினர் ஒருவர் கடற்கரையூர் ஒன்றில் மனை வாங்க முற்பட்டபோது அவ்வெண்ணம் மாறியது. அவருக்குத் துணையாக ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்றோம். வில்லங்கச் சான்றுக்காகக் கணினியில் தேடினர். பதிவு எதுவும் இல்லை என்று வந்தது. மகிழ்ச்சியுடன் எழுந்தோம். அங்கிருந்த முதிய எழுத்தர் ஒருவர், "கொஞ்சம் இருங்க ஐயா, ஊர்ப்பேரை வேற மாதிரி அடிச்சுப் பார்ப்போம்" என்றார். ஓரெழுத்து மாற்றித் தேடியதும் அந்த மனையின் மீதான பழைய அடமானம் ஒன்று திரையில் வந்து நின்றது. பல்லாண்டுச் சேமிப்பு ஓரெழுத்தில் தப்பியது.

கணினிக்கு வேறுபட்ட எழுத்து வேறுபட்ட ஊர். அந்த எழுத்தருக்கு இரண்டும் ஓரூர். தலைமை இடத்தில் முடிவான ஒன்று தொலைவிலுள்ள நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒரே வடிவில் எவ்வாறு நிலைபெறுகிறது என்ற வினாவை அன்று நாம் வீட்டுக்கு எடுத்து வந்தோம். பல கணினிகளில் ஒரே மென்பொருளை நிறுவி, அவற்றுக்கெல்லாம் பொதுவான வழங்கிகளைப் பேணுவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இது. ஆயின் கணினிக்கு மிக முந்தையது.

சோழர் காலத்தில் நிலக்கொடை ஒன்று எவ்வாறு நடைமுறைக்கு வந்தது என்பதற்கு, லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள் நல்ல சான்று. முதலாம் இராசராசனின் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாக வழங்கப்பட்ட செய்தியைக் கூறுபவை அவை. வடமொழியில் ஐந்தும் தமிழில் பதினாறுமாக மொத்தம் 21 ஏடுகள். அரசன் வாய்மொழியாக ஆணையிடுகிறான். திருமந்திர ஓலை எழுதுபவன் அதனை எழுதுகிறான். ஓலைநாயகங்கள் ஒப்பிடுகின்றனர். வரித்துறையினர் கூடி வரிப்பொத்தகத்தில் ஏற்றுகின்றனர். பின்னரே அது நாட்டாருக்குச் செல்கிறது. அவர்கள் பிடியானையை நடத்தி எல்லை வகுத்து, அறவோலை எழுதித் தருகின்றனர்.

இந்நடைமுறையில் யார் சொன்னார், யார் எழுதினார், யார் சரிபார்த்தார் என்ற ஒவ்வொரு படியும் பெயருடன் பதிவாகிறது. தலைநகரில் ஒரு படி இருக்க, ஊரிலும் ஒரு படி இருக்கிறது. அத்துடன், ஊரறிந்தவர் நேரில் நடந்து பார்த்த பிறகே ஆணை நிறைவு பெறுகிறது. இன்றைய வழங்கி நிர்வாகத்தில் மாற்றப் பதிவேடு, காப்புப்படி, நிறுவிய பின் சோதித்தல் என்று கூறப்படுபவற்றின் நோக்கமும் இதுவே.

இதனினும் வியப்பளிப்பது திருமழபாடிச் செய்தி. அங்குள்ள கோயிலின் திருவுண்ணாழிகையை இடித்துப் புதுப்பிக்க இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, இடிப்பதற்கு முன் பழைய கல்வெட்டுகள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ளச் செய்தான். முதலாம் இராசேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பெற்றன. இடையில் ஒரு மன்னன் மறைந்து அவன் மகன் அரசாண்டான். ஆண்டுகள் பல கடந்தன. படியெடுத்த புத்தகத்தை யாரோ அவ்வளவு காலமும் பேணியிருக்கிறார்கள். பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்குத் தரவுகளை மாற்றுவோர், மாற்றம் முடிந்து சரிபார்க்கும் வரை பழையதை அழிக்கலாகாது என்பதைத் தம் தொழிலின் முதற்பாடமாகக் கொள்வர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் கல்தச்சரும் ஓலைக்கணக்கரும் அப்பாடத்தை அறிந்திருந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலப் பரிமாற்றத்தின் சாட்சியம் கோயிற் சுவரை விட்டுப் பதிவு அலுவலகத்தின் தடித்த புத்தகங்களுக்கு இடம்பெயர்ந்தது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் முதற்புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. ஆளின் பெயர்வழி ஓர் அட்டவணையும் சொத்துவழி மற்றோர் அட்டவணையும் வைக்கப்பட்டன. வில்லங்கம் பார்ப்பது என்பது இவ்வட்டவணைகளைப் புரட்டுவதே. புரட்டிய எழுத்தருக்கு ஊர்களின் பல பெயர்களும் மனப்பாடம்.

தமிழ்நாட்டில் பதிவுத்துறையைக் கணினிமயமாக்கும் 'ஸ்டார்' திட்டம் 2000-இல் தொடங்கியது. அப்போது தரவுகள் அந்தந்த அலுவலகக் கணினியிலேயே தங்கின. இத்தகைய அமைப்பில் மென்பொருளில் ஒரு சிறு திருத்தம் செய்தாலும், வழிகாட்டி மதிப்பில் ஒரு மாற்றம் வந்தாலும், அஃது அலுவலகந்தோறும் சென்று சேர வேண்டும். ஒன்றில் புதிய பதிப்பும் மற்றொன்றில் பழைய பதிப்பும் ஓடினால், ஒரே சட்டம் இரண்டு விதமாக நடைபெறும்.

இதனுடன் எழுத்துருச் சிக்கலும் சேர்ந்தது. இதழ் நடத்தியோரும் இணையத்தில் எழுதியோரும் அதனை நன்கறிவர். ஒரு கணினியில் அடித்த தமிழ், அதே எழுத்துரு நிறுவப்படாத மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிய காலம் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் அரசின் தரமாயின. யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் அதனைப் பிழையின்றிக் காண, நிர்வாகியின் கடவுச்சொல்லும் நிறுவுதற்குரிய குறுந்தகடும் கொண்டு, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான வசதியைத் தனியே ஏற்ற வேண்டியிருந்தது. எம் கல்லூரி ஆய்வகத்தில் கணினிதோறும் அக்குறுந்தகட்டைச் செருகிச் செருகி எடுத்த ஒரு பிற்பகல் இன்றும் நினைவில் உள்ளது. அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக ஏற்றது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது.

2018 பிப்ரவரியில் 'ஸ்டார் 2.0' வந்தது. அலுவலகந்தோறும் இருந்தவை மைய வழங்கிக்கு மாறின. இதன் பயன் பெரிது. திருத்தம் ஓரிடத்தில் செய்தால் போதும். எல்லா அலுவலகங்களும் அன்றே ஒரே பதிப்பைக் காண்கின்றன. வில்லங்கத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. மையம் தடுமாறினால் எல்லா அலுவலகங்களும் ஒருசேர நிற்கும். முன்பு ஓர் அலுவலகத்தோடு முடிந்த பிழை, இன்று மாநிலம் முழுதும் ஒரே நொடியில் பரவும். 2019-இல் மாவட்டம் மாறியபோது திருவிடந்தையின் கல்வெட்டுகளில் எவரும் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. கணினி அட்டவணைகளில் மாவட்டப் பெயர் வரும் இடந்தோறும் திருத்தம் தேவைப்பட்டது.

மையப்படுத்தல் தவறென்பது எம் கருத்தன்று. ஆயின் ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்குப் பதிவுகள் மாறும்போது, ஊரறிந்தவர் உடனிருந்து ஒப்புநோக்க வேண்டும் என்பதை வற்புறுத்த விரும்புகிறோம். தரவுத்தளத்தை ஆள்பவர் கணினி கற்றவராயிருத்தல் போதாது. திருவிடவெந்தையும் திருவிடந்தையும் ஒன்று என்பதை அத்தரவுத்தளத்துக்குச் சொல்லிக்கொடுப்பவரும் வேண்டும். தமிழ் கற்றோர்க்கு இங்கே ஒரு பணி காத்திருக்கிறது. ஊர்ப்பெயர்களின் மாற்றுவடிவங்களை வட்டவாரியாகத் தொகுத்துத் தந்தால், அஃது ஆய்வேடாக மட்டும் நில்லாது, ஒருவரின் வீட்டுமனையையும் காக்கும்.

எமக்கு அடமானத்தைக் காட்டிய அந்த எழுத்தர் அடுத்த ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டதாகப் பின்னர் அறிந்தோம். அவர் அறிந்திருந்த பெயர்களை எவரேனும் படியெடுத்துக்கொண்டனரா என்று கேட்டோம். விடை கிடைக்கவில்லை.