சுண்ணாம்புக் கம்பத்து மழைநீர்: பருவநிலை மாற்றமும் விழுமியக் கல்வியும்

ஓர் ஊரின் பழைய நிலத்தோற்றத்தை அறிய விரும்புவோர்க்கு அவ்வூரில் வழங்கும் பெயர்களே முதற்சான்றாக அமைகின்றன. நாம் இன்று லிட்டில் இந்தியா என்று குறிப்பிடும் வட்டாரத்தை நம் முன்னோர் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். மலாய் மொழியில் அதன் ஒரு பகுதிக்குக் கம்போங் காப்பூர் என்று பெயர்; அதற்கும் சுண்ணாம்புச் சிற்றூர் என்பதே பொருள். மருத்துவமனையின் பெயரால் இன்று பலரும் அறிந்துள்ள கண்டாங் கெர்பாவ், எருமைப் பட்டியைக் குறிக்கும். ஹொக்கியன் மொழியினர் தெக் கியா கா என்றனர். சிறுமூங்கிலின் அடி என்பது அதன் பொருள். அதுவே சுருங்கித் தேக்கா ஆயிற்று.

மூன்று மொழிகளில் அமைந்த இப்பெயர்களுள் ஒன்றிலேனும் அரசரோ ஆளுநரோ இடம்பெறவில்லை. சுண்ணாம்பும் எருமையும் மூங்கிலும் மட்டுமே உள்ளன. நிலத்தைப் பார்த்துப் பெயரிட்ட மக்களின் பட்டறிவு அவற்றில் தங்கியிருக்கிறது. பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் துருவப் பனியையும் தொலைதூரப் பெருங்கடலையும் எடுத்துக்காட்டுகிறோம். ஆனால் மனிதர் இயற்கையைப் பயன்படுத்திய விதம், அதனைக் கெடுத்த விதம், பின்னர் மீட்ட விதம் ஆகிய மூன்றையும் சிராங்கூன் சாலையை ஒட்டிய இச்சிறு வட்டாரத்தின் வரலாற்றிலேயே நம்மால் கற்பிக்க இயலும்.

எருமையும் சுண்ணாம்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வட்டாரம் ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலமாக இருந்தது. நீரும் புல்லும் ஒருங்கே கிடைத்தமையால் கால்நடை வணிகம் இங்கு வேரூன்றியது. எருமைச் சாலையும், கால்நடை வணிகர் ஒருவரின் பெயர் தாங்கிய பெலிலியோஸ் சாலையும் அதற்குச் சான்றாக இன்றும் உள்ளன. மாடு மேய்த்தோர், பால் கறந்தோர், வண்டி ஓட்டியோர் எனத் தமிழரும் வட இந்தியரும் இங்குக் குடியேறினர். ஓர் இனத்தின் குடியிருப்பு இவ்விடத்தில் அமைந்ததற்கு நீரோட்டமே ஒரு முதன்மைக் காரணம் என்பதை மாணவர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பின் கதையும் அத்தகையதே. 1825ஆம் ஆண்டு முதல் 1873ஆம் ஆண்டு வரை இந்தியக் கைதிகள் சிங்கப்பூரின் சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பினர். 1862ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் சுவர்களுக்கு அவர்கள் பூசிய சாந்து 'மெட்ராஸ் சுண்ணம்' எனப்பட்டது. சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் கலந்து அச்சாந்து ஆக்கப்பட்டது. இவ்வாறு வளரும் நகரொன்றின் சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு தேவைப்பட்டது. சுண்ணாம்புக்குச் சூளை தேவைப்பட்டது.

இங்கே வேதியியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் ஒரே வகுப்பில் நின்று பேசலாம். சிப்பியையும் பவளத்தையும் சூளையிலிட்டுச் சுடும்போது அவற்றுள் அடங்கியிருந்த கரியமில வாயு வெளியேறுகிறது, எஞ்சுவது சுண்ணாம்பு. சூளையை எரிக்கும் விறகும் அதே வாயுவை வெளியிடுகிறது. சாந்து காய்ந்து இறுகும்போது வாயுவின் ஒரு பகுதியை மீண்டும் ஈர்த்துக்கொள்ளும். விறகின் புகையோ அவ்வாறு சாந்துக்குள் திரும்புவதில்லை. இன்று சிமெண்டு ஆலைகளில் பேரளவில் நடப்பதும் இதுவே. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்டு உற்பத்தியால் உண்டாகிறது. சுண்ணாம்புக் கம்பம் என்ற பழம்பெயருக்குள் நம் காலத்தின் பெருஞ்சிக்கல் ஒன்று சிறுவடிவில் அடங்கியிருக்கிறது. அன்று சூளையில் உழைத்தவர்மீது குற்றம் சுமத்துவதற்காக நாம் இதனைக் கூறவில்லை. ஒருவர் தம் வயிற்றுப்பாட்டிற்காகச் செய்யும் நேர்மையான தொழிலும் காற்றில் ஒரு சுவட்டை விட்டுச் செல்கிறது என்னும் உண்மையை உணர்வதே அறக்கல்வியின் தொடக்கம்.

கெட்ட ஆறும் மீண்ட ஆறும்

நகரம் பெருகப் பெருக நீரோட்டம் நலிந்தது. கால்நடைக்கு வாழ்வளித்த தாழ்நிலம் வடிக்கப்பட்டு வீடும் கடையுமாயிற்று. ரோச்சோர் ஆறு கரை கட்டிய கால்வாயாக மாறியது. கழிவுகள் யாவும் கலந்து, கருத்து நாறும் நீராக அது கடலைச் சேர்ந்தது.

அதே காலத்தில் குடிநீர்த் தட்டுப்பாடும் வந்தது. 1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் 1964ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வரை நீடித்த நீர்ப் பங்கீட்டை மூத்த தலைமுறையினர் மறந்திலர். சூழ ஓடும் நீர் குடிக்கத் தகாததாகவும் குடிக்கும் நீர் அளந்து தரப்படுவதாகவும் இருந்த முரணை அன்றைய சிங்கப்பூர் அனுபவித்தது. அந்த 1963ஆம் ஆண்டிலேயே பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சதுக்கத்தில் மெம்பாட் மரக்கன்று ஒன்றை நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 1968இல் தூய்மை இயக்கமும் 1971இல் மரம் நடும் நாளும் தொடர்ந்தன.

1977ஆம் ஆண்டு பிப்ரவரியில், அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், பத்தாண்டுகளுக்குள் ஆறுகளைத் தூய்மையாக்க வேண்டும் என்று பிரதமர் இலக்கு விதித்தார். சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆற்றுப்படுகையும் 1987ஆம் ஆண்டுக்குள் தூய்மை பெற்றன. இவ்வெற்றியைக் கொண்டாடும் நாம் அதற்கு விலை கொடுத்தவரையும் நினைவுகூர வேண்டும். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. தெருவோர வணிகர்கள் உணவங்காடி நிலையங்களுக்கு மாறினர். சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்கிற்குச் சென்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பழகிய மண்ணைவிட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. பொதுநலனுக்காக அவர்கள் இழந்தவை எந்தக் கணக்கேட்டிலும் முழுமையாக இடம்பெறுவதில்லை.

இக்காலப்பகுதியில்தான் கண்டாங் கெர்பாவ் சந்தையும் இடம் மாறியது. 1982இல் எழுந்த புதிய கட்டடத்திற்கு மாண்டரின் ஒலிப்பில் ஜூஜியாவ் நிலையம் என்று பெயரிடப்பட்டது. மக்கள் நாவிலோ தேக்காவே நிலைத்தது. 2000ஆம் ஆண்டில் அதுவே முறையான பெயராகவும் ஆயிற்று. மறைந்த மூங்கிலின் நினைவை மக்கள் தம் சொல்லில் காத்தனர்.

2008ஆம் ஆண்டு மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டபோது இவ்வரலாறு புதியதோர் கட்டத்தை அடைந்தது. கடல்நீர் உட்புகாவண்ணம் 350 மீட்டர் அகலத்தில் எழுப்பப்பட்ட அவ்வணையின் பின்னுள்ள நீர்த்தேக்கம், ஏறத்தாழ 10,000 ஹெக்டர் பரப்பின் மழைநீரைத் திரட்டுகிறது. அது இத்தீவின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்காகும். அந்நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் லிட்டில் இந்தியாவும் அடங்கும். சிராங்கூன் சாலையில் பெய்யும் மழை வடிகாலில் இறங்கி, ரோச்சோர் கால்வாய் வழியே மரினா நீர்த்தேக்கத்தை அடைந்து, சுத்திகரிக்கப்பட்டு, நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. ஒரு காலத்தில் கழிவைச் சுமந்த அதே வழி இன்று குடிநீரைச் சுமக்கிறது.

'நம் பங்கு சிறிது' என்னும் வாதம்

இந்த ஆற்றைக் கெடுத்தவர் யார்? தனியொருவரைச் சுட்டிக்காட்ட இயலாது. ஒரு கடைக்காரர் ஒரு வாளி நீரைக் கொட்டினார். ஒரு வீட்டினர் ஒரு கூடைக் குப்பையை எறிந்தனர். 'நான் கொட்டுவது சிறிதளவே. இதனால் ஆறு கெட்டுவிடுமா?' என்று ஒவ்வொருவரும் எண்ணியிருக்கலாம். ஒவ்வொருவர் எண்ணமும் தனித்தனியே ஓரளவு சரிதான். ஆயினும் ஆறு கெட்டது.

உலகளாவிய கரியமில வாயு வெளியேற்றத்தில் சிங்கப்பூரின் பங்கு ஏறத்தாழ 0.1 விழுக்காடு. 'இச்சிறு நாடு தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதால் உலகம் மாறிவிடுமா?' என்று வகுப்பறையில் மாணவர் கேட்கும் கேள்வி நியாயமானதே. அதற்கு விடை ரோச்சோர் கால்வாயில் உள்ளது. 'சிறிது' என்னும் வாதத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டதால் கெட்ட ஆறு, அவ்வாதத்தை எல்லாரும் கைவிட்டபோதே மீண்டது.

ஆனால் இரு நிகழ்வுகளுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆற்றைத் தூய்மையாக்கச் சட்டமும் அபராதமும் பொறியியலும் துணைநின்றன. ஆறு ஒரே அரசின் எல்லைக்குள் ஓடியது. காற்றுக்கு எல்லையில்லை. 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி, 2024இல் 25 வெள்ளியாக உயர்ந்தது. இத்தகைய சட்டங்கள் இன்றியமையாதவை. எனினும், நாம் காணாத நாட்டினருக்காகவும் இன்னும் பிறவாத தலைமுறைக்காகவும் நம் நுகர்வைக் குறைத்துக்கொள்ளுமாறு எந்தச் சட்டமும் முழுமையாக ஆணையிட முடியாது. சட்டம் ஓயும் அந்த இடத்தில்தான் விழுமியக் கல்வியின் தேவை எழுகிறது.

அறிவும் ஒப்புரவும்

ஆறுகளுக்கு இலக்கு விதிக்கப்பட்ட அதே 1977ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில், ஐக்கிய நாடுகள் அமைப்பின் சுற்றுச்சூழல் கல்வி மாநாடு ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் கூடியது. விழிப்புணர்வு, அறிவு, மனப்பாங்கு, திறன், பங்கேற்பு ஆகிய ஐந்தையும் சுற்றுச்சூழல் கல்வியின் குறிக்கோள்களாக அம்மாநாடு வகுத்தது. அறிவு அவ்வைந்தனுள் ஒன்றே என்பது கருதத்தக்கது. நம் கல்வி அமைச்சு 2021இல் தொடங்கிய சூழல் பேணும் திட்டமும் பாடத்திட்டம், பள்ளி வளாகம், பண்பாடு, சமூகம் என நான்கு தளங்களில் அமைந்துள்ளது. 2030ஆம் ஆண்டுக்குள் குறைந்தது 20 விழுக்காட்டுப் பள்ளிகள் நிகரக் கரிம வெளியேற்றம் அற்றவையாக வேண்டும் என்பது அதன் இலக்குகளுள் ஒன்று.

பள்ளிக் கூரையில் சூரியத் தகடு பொருத்துவது எளிது. அதன் கீழ் அமர்ந்து கற்கும் உள்ளத்தில் ஒப்புரவை விதைப்பது அரிது. திருக்குறளின் இரண்டாம் அதிகாரம் வான்சிறப்பு. இருபத்திரண்டாம் அதிகாரமான ஒப்புரவறிதலின் தொடக்கத்திலும் மழையே உவமையாக வருகிறது. இயற்கையையும் சமூகக் கடமையையும் தனித்தனிப் பாடங்களாகப் பிரிக்காத மரபு நம்முடையது. தமிழாசிரியர் இவ்விரு அதிகாரங்களையும் ரோச்சோர் கால்வாயின் வரைபடத்தையும் ஒருங்கே வைத்துக் கற்பித்தால், ஒப்புரவு என்பது தேர்வுக்கு மனனம் செய்யும் சொல்லாக மட்டும் நின்றுவிடாது.

நிழல் யாருக்கு?

விழுமியங்களின் உண்மையான சோதனை நம் கண்முன்னே உள்ளது. 2024இல் வெளியான மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வு, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரைச் சூழ்ந்த கடல்மட்டம் 0.23 மீட்டர் முதல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் எனக் கணித்துள்ளது. நம் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு சராசரிக் கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. கடலைத் தடுக்கும் அரண்களை வருங்காலத்தில் யார் எழுப்புவர்? அன்று கைதிகளும் கூலித் தொழிலாளர்களும் இந்நகரைக் கட்டினர். இன்று தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்துள்ள ஊழியர்கள் கட்டுகின்றனர். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவில் கூடுவோர் அவர்களே.

வெப்பம் உயரும்போது குளிரூட்டிய அறைக்குள் இருப்பவரைவிட வெயிலில் கம்பி வளைப்பவரே முதலில் துன்புறுகிறார். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் வெப்ப அழுத்த நடவடிக்கைகளைக் கடுமையாக்கியது. வெயில், ஈரப்பதம், காற்று ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் அளவீடு 32 டிகிரி செல்சியசை எட்டும்போது, கடும் உடலுழைப்பில் ஈடுபடுவோர்க்கு ஒவ்வொரு மணி நேரமும் குறைந்தது 10 நிமிட ஓய்வு தரப்பட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை விதிக்கு அஞ்சிக் கொடுக்கும் மேற்பார்வையாளரும் உண்டு. அவர்மீதுள்ள அக்கறையால் கொடுப்பவரும் உண்டு. இருவரும் ஒரு காலத்தில் நம் வகுப்பறைகளில் அமர்ந்திருந்தவர்களே. பருவநிலைக் கல்வியில் கரியமில வாயுவின் அளவு இடம்பெற்று இவ்வூழியரின் வியர்வை இடம்பெறாதுபோனால், அக்கல்வி குறைபட்டதே ஆகும்.

காணாதவர்க்குக் கொடுத்த மரபு

காணாத தலைமுறைக்காகக் கொடுக்கும் பண்பு நமக்குப் புதிதன்று. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க்கல்வி வளம்பெறும் பொருட்டு 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே வேண்டுகோள். பல்கலைக்கழக வாயிலை மிதிக்க வாய்ப்பில்லாத தொழிலாளரும் கொடுத்தனர். 'என் ஒரு வெள்ளியால் என்ன ஆகும்?' என்று அவர்கள் கேட்டிருந்தால் அந்நிதி திரண்டிராது. ஆற்றைக் கெடுத்ததும் சிறு அளவுகளின் கூட்டுத்தொகையே. தமிழ்க்கல்வியை வளர்த்ததும் சிறு அளவுகளின் கூட்டுத்தொகையே.

எனவே ஆசிரியர்களிடம் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. மாணவர்களைத் தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாய்க் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கண்டாங் கெர்பாவ், கம்போங் காப்பூர், சுண்ணாம்புக் கம்பம் ஆகிய பெயர்களுக்குப் பொருள் சொல்லுங்கள். சாலையில் விழும் மழை எவ்வழியே தம் வீட்டுக் குழாயை வந்தடைகிறது என்பதை அவர்களே வரைந்து பார்க்கட்டும். அவ்வழியில் இடம்பெயர்ந்தவர் யார், உழைத்தவர் யார், இன்று வெயிலில் நிற்பவர் யார் என்று அவர்களே கேட்கட்டும். தம் கைக்கு வரும் நீர் எத்தனை பேருடைய உழைப்பையும் இழப்பையும் கடந்து வருகிறது என்று அறிந்த மாணவர், தாம் விட்டுச்செல்லும் காற்றும் நீரும் யாரைச் சென்றடையும் என்று எண்ணிப் பார்க்கவும் கற்றுக்கொள்வார்.